காரைக்குடிப் படிப்பு மையத்தை மூடியது குறித்துத் தொலைநிலைக் கல்வி இயக்குநருக்கு ஒரு திறந்த மடல்

தொலைநிலைக் கல்வி இயக்குநர் அவர்களுக்கும், பல்கலைக்கழக ஆட்சிக்குழு உறுப்பினர்களுக்கும்,

காரைக்குடியில் இயங்கிவந்த படிப்பு மையமும் அதனோடு இணைந்த தேர்வு மையமும் மூடப்படுகின்றன என்றும், இனித் தொடர்பு வகுப்புகள் இணையவழியில் மட்டுமே நடக்கும் என்றும், பருவத் தேர்வுகளைத் தலைமையிட வளாகத்துக்கு வந்தே எழுத வேண்டும் என்றும் உங்கள் இயக்ககம் வெளியிட்ட சுற்றறிக்கை எங்கள் கண்ணில் பட்டபோது முதல் தேர்வுக்கு 11 நாள்களே இருந்தன. அது எங்கள் யாருக்கும் அஞ்சலில் வரவில்லை, குறுஞ்செய்தியாகவும் வரவில்லை. எங்களோடு படிக்கும் ஒருவர் நுழைவுச்சீட்டைப் பதிவிறக்கிப் பார்த்தபோது தேர்வு மையம் என்ற இடத்தில் உங்கள் வளாகத்தின் பெயர் இருப்பதைக் கண்டு, ஏதோ அச்சுப்பிழை என்று எண்ணி, மைய ஒருங்கிணைப்பாளரிடம் கேட்ட பிறகுதான் அப்படி ஓர் அறிக்கை இருப்பதே தெரியவந்தது. ஒருங்கிணைப்பாளருக்கே முந்தைய நாள்தான் தெரியுமாம். மாணவர் எண்ணிக்கை குறைவு, நிர்வாகக் காரணங்கள் என்று இரண்டு காரணங்களை அந்த அறிக்கை சொல்கிறது. இரண்டாவது காரணம் எல்லாச் சுற்றறிக்கையிலும் இருப்பது, அதை விட்டுவிடுகிறேன். முதல் காரணத்தைப் பற்றியும், அதை நம்பி நீங்கள் எடுத்த முடிவு எங்களை எங்கே கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறது என்பதைப் பற்றியும் எழுதாமல் இருக்க என்னால் முடியவில்லை.

நான் காரைக்குடிக்கு அருகே ஒரு சிற்றூரில், நகரத்தார் குடும்பம் ஒன்று தொடங்கிய அரசு உதவிபெறும் தொடக்கப் பள்ளியில் இடைநிலை ஆசிரியை. ஆசிரியர் பயிற்சிப் பட்டயத்தோடு 2005ஆம் ஆண்டு வேலைக்கு வந்தேன். இளங்கலைத் தமிழையும் அதன்பின் பி.எட். பட்டத்தையும் வேலையில் இருந்துகொண்டே தொலைநிலையில்தான் முடித்தேன். கல்லூரிக்கு நேரில் போய்ப் படிக்கும் பி.எட். 2015 முதல் இரண்டாண்டுப் படிப்பாகிவிட்டது. இரண்டு ஆண்டு விடுப்பு எடுத்துக்கொண்டு படிக்க எங்கள் வீட்டு அடுப்பு இடம் தராது. பயிற்சி பெற்ற ஆசிரியர்களுக்குத் தொலைநிலை பி.எட். என்ற வாசல் திறந்திருந்ததால் நுழைந்தேன். இப்போது உங்கள் பல்கலைக்கழகத்தில் முதுகலைத் தமிழ் இரண்டாம் ஆண்டு மாணவி. துறையின் முன் அனுமதி பெற்று, அந்த ஆணையைப் பணிப்பதிவேட்டில் பதிவு செய்த பிறகே சேர்ந்தேன்.

ஊக்க ஊதியத்துக்காகத்தானே ஆசிரியர்கள் பட்டம் பட்டமாகச் சேர்க்கிறார்கள் என்று ஓர் எண்ணம் அலுவலகங்களில் உண்டு. கூடுதல் கல்வித் தகுதிக்கான முன் ஊதிய உயர்வை அரசு 2020ஆம் ஆண்டே நிறுத்திவிட்டது. அதற்குப் பிறகும் ஞாயிற்றுக்கிழமைகளை விட்டுக்கொடுத்து வருகிறவர்கள் எதற்காக வருகிறார்கள் என்பதை, எங்கள் வகுப்பை ஒருமுறையாவது நேரில் வந்து பார்த்திருந்தால் நீங்கள் அறிந்திருப்பீர்கள். இந்த இரண்டாண்டில் இயக்ககத்திலிருந்து எவரும் வந்து நாங்கள் பார்த்ததில்லை என்பதால் நானே சொல்கிறேன்.

ஒரு பள்ளிக்கூடத்தின் ஏழாம் வகுப்பு அறைதான் எங்கள் மையம். பிள்ளைகளுக்கான பெஞ்சு, பெரியவர்கள் உட்கார்ந்தால் முழங்கால் மேசையில் இடிக்கும். காலை 10 மணிக்கு வகுப்பு என்றால் தேவகோட்டை, கண்டனூர், பள்ளத்தூர், திருப்பத்தூர்ப் பக்கமிருந்து வருகிறவர்கள் ஒன்பதரைக்கே வந்து மின்விசிறிக்குக் கீழே இடம் பிடித்திருப்பார்கள். முதுகலைத் தமிழில் மட்டும் 31 பேர். புதுவயலில் ஓர் அரிசி ஆலையில் கணக்கப்பிள்ளையாக இருக்கும் அண்ணன், அங்கன்வாடிப் பணியாளரான ஓர் அக்கா, மருத்துவமனை மருந்தாளுநர் ஒருவர், என்னைப் போன்ற இடைநிலை ஆசிரியர்கள் ஒன்பது பேர், ஆத்தங்குடியில் தரைக்கல் வார்க்கும் பட்டறையில் வேலை பார்த்துக்கொண்டே இளங்கலை முடித்துவிட்டு வந்த ஒரு தம்பி. பணி ஓய்வு பெற்ற பேராசிரியர் ஒருவர் இலக்கணத் தாளை நடத்தினார். உயிரீற்றின் முன், அதாவது உயிரெழுத்தில் முடியும் சொல்லை அடுத்து, க, ச, த, ப மிகும் என்ற நன்னூல் விதியை அவர் மரக்கிளையில் தொடங்கவில்லை. ஆத்தங்குடித் தம்பியிடம், "உங்கள் பட்டறை பில் புத்தகம் கையில் இருக்கிறதா?" என்று கேட்டார். இருந்தது. அதில் "ஆத்தங்குடி கற்கள்" என்று அச்சாகியிருந்தது. ஆத்தங்குடியில் செய்யப்பட்ட கற்கள் என்று விரித்தால் எந்தெந்தச் சொற்கள் மறைந்திருக்கின்றன, அப்படி மறைந்தால் நடுவில் ஏன் ஒரு க் வந்து உட்காருகிறது என்று அரை மணி நேரம் அந்த ஒரு பில்லை வைத்தே நடத்தினார். மூன்று வாரம் கழித்து அந்தத் தம்பி புதிதாக அச்சடித்த பில் புத்தகத்தைக் கொண்டுவந்து எல்லோருக்கும் காட்டினார். "ஆத்தங்குடிக் கற்கள்" என்று இருந்தது. முதலாளி, "இதென்ன நடுவில் ஒரு எழுத்து அதிகமாக இருக்கிறது, அச்சுக்கூலி கூடுமா?" என்று கேட்டாராம். அன்று வகுப்பே சிரித்தது. கணக்கப்பிள்ளை அண்ணன் தம் ஆலை மூட்டையில் "புதுவயல் பொன்னி" என்று இருப்பதற்கு ஏன் எழுத்து மிகவில்லை என்று எழுந்து கேட்க, உயிரீறு, மெய்யீறு என்று அடுத்த வகுப்பும் அதிலேயே போயிற்று.

இந்த வகுப்பைத்தான் நீங்கள் இணையவழிக்கு மாற்றியிருக்கிறீர்கள். நேரம் வேலை நாள்களில் மாலை 4 முதல் 6 வரை. எங்கள் பள்ளி முடிவது 4.10க்கு. கடைசிப் பிள்ளையை அழைத்துப் போக ஆள் வரும் வரை நான் வாசலில் நிற்க வேண்டும். பிறகு நகரப் பேருந்து. வீட்டுக்கு வரும்போது உங்கள் வகுப்பில் அரைவாசி முடிந்திருக்கும். வந்தாலும் உடனே உட்கார முடியாது. நாங்கள் குடியிருப்பது ஒரு பெரிய வீட்டின் இரண்டாங்கட்டில். அந்தச் சுண்ணாம்புச் சுவர்களின் கனத்துக்குக் கைப்பேசி அலை உள்ளே வராது. திறந்த முற்றத்தில் தூணை ஒட்டி நின்றால் இரண்டு கோடு தெரியும். கொடியில் காயும் துணிக்கு நடுவே அங்கே நின்றுகொண்டுதான் இருமுறை வகுப்பில் நுழைந்தேன். முதல் முறை ஒலி வரவில்லை. இரண்டாம் முறை, 400 பேர் இருந்த அந்தத் திரையில் என் ஐயத்தைத் தட்டச்சு செய்து முடிப்பதற்குள் ஆசிரியர் நன்றி சொல்லிவிட்டார். ஆலையில் கணக்கு முடித்து இரவு 7 மணிக்கு மேல் கிளம்புகிற அண்ணனுக்கு அந்த இரண்டு நாளும்கூட வாய்க்கவில்லை.

பல்கலைக்கழக மானியக் குழு 2020ஆம் ஆண்டு வெளியிட்ட ஒழுங்குமுறைகள் தொலைநிலைக் கல்வியையும் இணையவழிக் கல்வியையும் இரு வேறு முறைகளாகவே வரையறுக்கின்றன. தொலைநிலை மாணவருக்கான கற்போர் உதவி மையமும் நேரடித் தொடர்பு வகுப்பும் அதில் பேசப்படுகின்றன. நாங்கள் சேர்ந்தது தொலைநிலைப் படிப்பில். எங்களுக்குத் தந்த விளக்கக் கையேட்டில், காரைக்குடி மையம், ஞாயிற்றுக்கிழமை வகுப்பு என்று அச்சிட்டு, அந்தப் பக்கத்தைக் காட்டித்தான் கட்டணம் பெற்றீர்கள். அதே ஒழுங்குமுறைகள், முறையாக ஏற்பு பெற்ற தொலைநிலைப் பட்டம் நேர்வழிப் பட்டத்துக்கு இணையானது என்றும் சொல்கின்றன. பட்டம் இணை என்றால் கற்பித்தலும் அதற்குத் தக்கபடி இருக்க வேண்டுமல்லவா?

தேர்வுக்கு வருகிறேன். எங்கள் ஊரிலிருந்து உங்கள் வளாகத்துக்கு ஆறு மணி நேரப் பயணம். ஒரு பருவத்துக்கு ஐந்து தாள். திங்கள், புதன், வெள்ளி, மறு திங்கள், மறு புதன் என்று அட்டவணை வந்தது. ஞாயிறு இரவு 9 மணிக்குப் பேருந்து ஏறினால் விடியற்காலை 3 மணிக்கு அங்கே இறக்கிவிடுவார்கள். அந்த நேரத்தில் தனியாக வரும் ஒரு பெண் எங்கே போவாள் என்று உங்கள் தேர்வுப் பிரிவில் யாராவது ஒரு நிமிடம் யோசித்தார்களா என்று தெரியவில்லை. நானும் அங்கன்வாடி அக்காவும் பேருந்து நிலையத்தில், டீக்கடை வெளிச்சம் விழும் ஒரு சிமென்ட் பலகையில், ஒருவர் பையை மடியில் வைத்துக்கொண்டு விழித்திருக்க மற்றவர் அரை மணி நேரம் கண்ணயர்வது என்று முறைவைத்து ஆறு மணி வரை இருந்தோம். கட்டணக் கழிப்பறையில் முகம் கழுவிப் புடவை மாற்றிக்கொண்டு 10 மணிக்குத் தேர்வெழுதினோம். ஒரு மணிக்கு முடித்து மறுபடி பேருந்து. வீடு சேர இரவு எட்டு. செவ்வாய் பள்ளிக்கூடம். செவ்வாய் இரவு மறுபடி பேருந்து.

ஆசிரியருக்கு ஆண்டுக்குத் தற்செயல் விடுப்பு 12 நாள். பருவத்துக்கு ஐந்து தாள் என்றால் ஆண்டுக்குப் பத்து நாள் தேர்வுக்கே போய்விடும். என் பிள்ளைக்கு வரும் காய்ச்சலும், மாமியாரின் கண் அறுவைச் சிகிச்சையும், குலதெய்வம் கும்பிடப் போவதும் மீதி இரண்டு நாளுக்குள் அடங்க வேண்டும். காரைக்குடியில் சனி, ஞாயிறுகளில் எழுதியபோது நான் ஒரு நாள் விடுப்புகூட எடுத்ததில்லை. விடுப்பாவது எனக்கு இருக்கிறது; ஆலையிலும் பட்டறையிலும் வேலை செய்கிறவர்களுக்கு வராத நாளுக்குக் கூலி இல்லை. எங்கள் வகுப்பின் 31 பேரில் முதல் தாள் எழுத வந்தவர்கள் 12 பேர். ஐந்தாம் தாளுக்கு ஏழு பேர். நான் மூன்று தாள் எழுதினேன், இரண்டை விட்டுவிட்டேன். இரண்டாம் தாளில் வல்லெழுத்து மிகும் இடங்களைப் பற்றி ஒரு நெடுவினா வந்திருந்தது. ஆத்தங்குடித் தம்பி அன்று தேர்வுக்கூடத்தில் இல்லை. வெளியூருக்குப் போகும் லாரியில் கல் ஏற்றிக்கொண்டிருந்தார். உங்கள் பதிவேட்டில் அவர் பெயருக்கு நேரே "வரவில்லை" என்று இருக்கும். அடுத்த ஆண்டு எண்ணிக்கை பார்க்கும்போது அந்த "வரவில்லை"யையும் சேர்த்து எண்ணி, தென்மாவட்டங்களில் ஆர்வம் குறைவு என்று இன்னொரு சுற்றறிக்கை எழுதிவிட வேண்டாம் என்பதற்காகவே இவ்வளவும் சொல்கிறேன்.

உண்மையிலேயே சேர்க்கை குறைந்துவருகிறது என்றால் அதற்கு வேறு காரணங்கள் இருக்கின்றன. மூன்றாம் பருவத்துக்கு ஐந்து பாடநூல்கள் வர வேண்டும். மூன்று வந்தன, அவற்றில் ஒன்று பொது நிர்வாகவியல். பிரித்துப் பார்த்துவிட்டு, தமிழ் படிக்க வந்தவளுக்கு இதுவும் உதவும் என்று வைத்துக்கொண்டேன். விடுபட்ட நூல்கள் தேர்வு முடிந்து நான்காம் நாள் வந்தன. ஒப்படைப்புகளைக் கையால் எழுதி, நூல் கட்டி, பதிவஞ்சலில் அனுப்பினோம். ஒரு திருத்தமும் ஒரு சிவப்புக் கோடும் எவருக்கும் திரும்பி வரவில்லை, 31 பேருக்கும் 30க்கு 24 என்று மதிப்பெண் வந்தது. தொலைபேசியில் கேட்டால் தேர்வுப் பிரிவு பாடநூல் பிரிவைக் கேட்கச் சொல்லும்; பாடநூல் பிரிவு எடுக்காது. முன்பு உங்களிடம் பட்டம் முடித்த எங்கள் பள்ளி ஆசிரியர் ஒருவருக்கு, பட்டம் உண்மையானதுதான் என்று நீங்கள் தர வேண்டிய உண்மைத்தன்மைச் சான்று வர 14 மாதம் ஆயிற்று. அதுவரை அவருடைய பதவி உயர்வுக் கோப்பு நகரவில்லை. இதையெல்லாம் ஆசிரியர் அறையில் பேசிக்கொள்கிறோம். கேட்டவர்கள் எப்படிச் சேர்வார்கள்?

வேறு பல்கலைக்கழகத்துக்கு மாறிக்கொள்ளலாமே என்று உங்கள் அலுவலகத்தில் ஒருவர் சொன்னார். காரைக்குடியிலேயே 1985 முதல் அழகப்பா பல்கலைக்கழகம் இருக்கிறது, அங்கும் தொலைநிலைக் கல்வி உண்டு; 2002இல் தொடங்கிய தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகம் இருக்கிறது; இக்னோ என்ற இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் இருக்கிறது. புதிதாகச் சேர்கிறவருக்கு அவை நல்ல வழிகள்தாம், நானே நான்கு பேருக்கு அவற்றைச் சொல்லியிருக்கிறேன். ஆனால் மூன்று பருவக் கட்டணமும் கட்டி, இரண்டு பருவத் தாள்கள் அத்தனையும் தேறி, முன் அனுமதி ஆணையில் உங்கள் பல்கலைக்கழகத்தின் பெயரையும் எழுதி வாங்கியவள் இப்போது மாறுவதென்றால் முதல் பருவத்திலிருந்து தொடங்க வேண்டும். துறையிடம் மறுபடி அனுமதிக்கு நிற்க வேண்டும். எனக்கு வயது 43. இந்த ஊரில் உங்கள் மையம் இருக்கிறது, ஞாயிறு வகுப்பு இருக்கிறது என்ற ஒரே காரணத்துக்காகத்தான் உங்களைத் தேர்ந்தெடுத்தேன்.

இதோடு இன்னொரு சுமையும் சேர்ந்திருக்கிறது. 2025 செப்டம்பர் 1 அன்று உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பின்படி, ஓய்வுக்கு ஐந்து ஆண்டுக்கு மேல் இருக்கும் ஆசிரியர்கள், எங்களைப் போலக் கல்வி உரிமைச் சட்டத்துக்கு முன்பே பணியில் சேர்ந்தவர்களும்கூட, இரண்டு ஆண்டுக்குள் ஆசிரியர் தகுதித் தேர்வில் தேற வேண்டும். இருபது ஆண்டு வகுப்பெடுத்தவர்கள் இரவில் குழந்தை உளவியலும் கணக்கும் திருப்பிப் படித்துக்கொண்டிருக்கிறோம். அந்தத் தீர்ப்பின் நியாய அநியாயம் உங்களோடு பேச வேண்டியதன்று. பணியில் இருந்துகொண்டே படிப்பவரிடம் மீதமிருக்கும் நேரம் எவ்வளவு என்பதை நீங்கள் அறிந்திருக்க வேண்டும் என்பதற்காகச் சொன்னேன்.

கானாடுகாத்தானில் பிறந்த அண்ணாமலைச் செட்டியார் 1929இல் சிதம்பரத்தில் ஒரு பல்கலைக்கழகத்தை எழுப்பியதும், கோட்டையூர்க்காரரான அழகப்பச் செட்டியார் 1947இல் காரைக்குடியில் கல்லூரி தொடங்கியதும் நீங்கள் அறியாதவை அல்ல. ஊர்ப் பெருமை பேசினால் பேருந்துக் கட்டணம் குறையப்போவதில்லை என்பது எனக்குத் தெரியும். ஆனால் படிப்பில் ஆர்வம் இல்லாத வட்டாரம் என்று ஒரு கோப்பில் எங்களைப் பற்றி எழுதப்பட்டிருக்குமானால், அதைத் திருத்திக்கொள்ளுங்கள்.

எங்கள் கோரிக்கைகள் இவை. காரைக்குடித் தேர்வு மையத்தை அடுத்த பருவத் தேர்வுக்கு முன் மீண்டும் திறக்க வேண்டும். மையத்துக்குக் குறைந்த அளவு மாணவர் எண்ணிக்கை என்று ஏதேனும் விதி வைத்திருந்தால், அந்த எண் எத்தனை என்பதை வெளிப்படையாக அறிவியுங்கள். முதுகலைத் தமிழை மட்டும் எண்ணாமல் இந்த மையத்தின் எல்லாப் படிப்பு மாணவர்களையும் சேர்த்து எண்ணுங்கள். தேர்வுகளைச் சனி, ஞாயிறுகளில் நடத்துங்கள். பள்ளி ஆண்டுத் தேர்வும் பொதுத்தேர்வுப் பணியும் இருக்கும் மார்ச், ஏப்ரலைத் தவிர்த்து, அட்டவணையை 45 நாளுக்கு முன்பு வெளியிடுங்கள்.

மையம் மூடப்பட்டதால் இந்தப் பருவத்தில் தேர்வெழுத முடியாமல் போனவர்களைத் தோல்வியுற்றவர்களாகக் கணக்கிடாமல், மறு கட்டணம் வாங்காமல், காரைக்குடியிலேயே ஒரு சிறப்புத் தேர்வு நடத்த வேண்டும். இதில் மட்டும் நாங்கள் விட்டுக்கொடுப்பதாக இல்லை. பிழை எங்களுடையது அன்று.

இணைய வகுப்பு வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை. அதை இரவு 8 மணிக்கு மேல் வையுங்கள், பதிவு செய்து பிறகு பார்க்கத் தாருங்கள். ஆனால் அது ஞாயிறு வகுப்புக்குத் துணையாக இருக்கட்டும். தாளுக்கு நான்கு நேரடி வகுப்பாவது காரைக்குடியில் நடக்கட்டும். பாடநூல்கள் பருவம் தொடங்கிய ஒரு மாதத்துக்குள் கையில் கிடைக்க வேண்டும். ஒப்படைப்புகள் திருத்தக் குறிப்போடு திரும்பி வர வேண்டும். உண்மைத்தன்மைச் சான்றுக்கு ஒரு காலவரம்பு வைத்து, அதை உங்கள் அலுவலகப் பலகையில் எழுதி மாட்டுங்கள்.

இந்த மடலின் படியை, வகுப்பில் உள்ள 31 பேரில் 27 பேரின் கையொப்பத்தோடும் மாணவர் எண்களோடும் பதிவஞ்சலில் உங்கள் அலுவலகத்துக்கு அனுப்பியிருக்கிறோம். 30 நாளுக்குள் எழுத்தில் பதில் வேண்டுகிறோம். வராவிட்டால், காரைக்குடி மையத்தை மூடுவதென்று எந்தக் கூட்டத்தில், எந்தப் புள்ளிவிவரத்தின் பேரில் முடிவு செய்யப்பட்டது என்பதைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் கேட்போம். மானியக் குழுவின் தொலைநிலைக் கல்விப் பிரிவுக்கும் எழுதுவோம்.

இப்படிக்கு,
இடைநிலை ஆசிரியை, முதுகலைத் தமிழ் இரண்டாம் ஆண்டு மாணவி,
காரைக்குடி வட்டம், சிவகங்கை மாவட்டம்.